பஸ்ஸில் எடுத்த படமும் 80 நாளும்

2022 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. எங்கள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுகாதார அலுவலக வாசலில், மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் பஸ் வந்து நின்றது. மருத்துவரின் மனைவி, அதுவும் புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்க்கிறவள், மூன்று வருடம் கழித்துத்தான் அதில் ஏறினாள் என்றால் சிரிப்பீர்கள். 2020-ல் வாங்கியிருந்த தேதியைக் கொரோனா தின்றுவிட்டது. 2021-ல் மகளைக் கல்லூரியில் சேர்க்கிற அலைச்சல். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டேன். அப்போது எனக்கு வயது 54.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பக்கம். ஒரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த ஊர்கள். வெளிநாட்டிலிருந்து ஜே-1 விசாவில் வந்து படித்த மருத்துவர்கள், டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிடலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அமெரிக்கக் கிராமங்களில் இத்தனை தமிழ் டாக்டர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் கணவரும் அப்படித்தான் வந்தார். மூன்று வருடம் என்று பெட்டியைக் கட்டியவர்கள், பத்தொன்பது வருடமாகப் பெட்டியைத் திரும்பக் கட்டவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நோயாளிகளை நான் பார்ப்பதில்லை. அவர்களுடைய பயாப்ஸி (சதைச் சோதனை) அறிக்கை, ஸ்கேன், அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் படித்து ஒவ்வொருவரையும் எண்களாக மாற்றுவேன். எந்த உறுப்பு, எந்த வகைச் செல், எந்தத் தேதியில் கண்டுபிடித்தது, எவ்வளவு தூரம் பரவியிருந்தது, நோயாளி எந்தக் கவுண்டிக்காரர். இந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். சிகிச்சை லெக்சிங்டன் நகரத்தில் நடந்தாலும் கணக்கு, நோய் கண்டுபிடித்த அன்று அவர் குடியிருந்த கவுண்டியில்தான் ஏறும். மலைக்காரர்கள் பாதிப் பேர் தபால்பெட்டி எண்ணைத்தான் முகவரி என்று கொடுப்பார்கள். அவர்கள் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள் என்று தேடுவதிலேயே என் பாதி நாள் போகும்.

இப்படிச் சேரும் எண்களை வைத்து 2017-ல் மத்திய நோய்க்கட்டுப்பாட்டு மையம் நாடு முழுக்க ஒரு கணக்கு வெளியிட்டது. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால், பெருநகரக் கவுண்டிகளில் ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்கு 457 புதிய புற்றுநோய்கள். முழுக் கிராமக் கவுண்டிகளில் 442. சரி, கிராமத்தில் நோய் குறைச்சல் என்று சந்தோஷப்பட்டால் அடுத்த அட்டவணையில் சாவுக் கணக்கு இருக்கிறது. நகரத்தில் 158, கிராமத்தில் 180. நுரையீரல், பெருங்குடல், கருப்பை வாய் இந்த மூன்றும் கிராமத்தில் வருவதே அதிகம். எங்கள் மாநிலத்தில் நுரையீரல் சொல்லவே வேண்டாம். மார்பகப் புற்றுநோய் நகரத்தில்தான் கூடுதலாகப் பதிவாகிறது. படம் எடுத்தால்தானே தெரியும்? அந்த அட்டவணையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 442-க்கும் 180-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது, நானே அந்த வழியில் போனபோதுதான் பிடிபட்டது.

பஸ்ஸில் படம் எடுக்க இருபது நிமிடம் ஆனது. காசு கிடையாது, வருமுன் பார்க்கும் மேமோகிராமுக்கு இன்சூரன்ஸ் முழுசாகக் கொடுத்துவிடும். 29-ம் தேதி கடிதம் வந்தது. 'உங்கள் பரிசோதனை முழுமையடையவில்லை, கூடுதல் படங்கள் தேவை.' இப்படிக் கூப்பிடப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே இருக்காது, அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அன்றைக்கு ராத்திரி சோறு வடிக்க மறந்து, குழைந்து களியாகிவிட்டது.

அந்தக் கூடுதல் படத்தை எடுக்கும் வசதி எங்கள் ஊர் மருத்துவமனையில் இல்லை. லெக்சிங்டனுக்குப் போகவேண்டும். மலைச்சாலையில் இறங்கி மவுண்டன் பார்க்வேயைப் பிடித்தால் இரண்டு மணி நேரம். கிடைத்த முதல் தேதி ஜூலை 29. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. அப்போது முதல் படம்தான் இலவசம். 'ஏதோ தெரிகிறது, திரும்ப வாருங்கள்' என்று எடுக்கும் இரண்டாவது படம் நோய் கண்டறியும் வகையாம், அதற்கு நம் கையிலிருந்து கட்டவேண்டியிருந்தது. எனக்கு வந்த பில் 1,100 டாலருக்குச் சற்று மேல். எங்களால் கட்ட முடிந்தது. மளிகைக்கடை கல்லாவில் நிற்கிற பெண் இந்த இடத்தோடு நின்றுவிட்டிருப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஜூலை 28 விடியற்காலை வெள்ளம் வந்தது. கிழக்குக் கென்டக்கியில் 40 பேருக்கு மேல் செத்துப்போன அந்த வெள்ளத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இங்கே டிரபிள்சம் க்ரீக் என்று ஒரு ஓடை. தொல்லை ஓடை என்றுதான் அர்த்தம். பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. கீழே இறங்கும் பாலம் போய்விட்டது. போன் வேலை செய்யவில்லை. கணவருடைய கிளினிக்குக்குள் இடுப்பளவு சேறு. பத்து நாள் அவர் சேறு அள்ளுவதும், மருந்தைத் தண்ணீரில் விட்டவர்களுக்கு இன்சுலின் தேடிக் கொடுப்பதுமாக இருந்தார். என் அப்பாயின்ட்மென்ட் ஞாபகம் வந்தபோது ஆகஸ்ட் பிறந்திருந்தது. அடுத்த தேதி 19 என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வீடே இல்லாதபோது, எனக்கு முன்னால் போடுங்கள் என்று சண்டை பிடிக்க மனசு வரவில்லை. பிடித்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

19-ம் தேதி படம், அதையொட்டி அல்ட்ராசவுண்ட். அதை எடுத்த டாக்டர் திரையைப் பார்த்தபடி சட்டென்று பேச்சை நிறுத்தியபோதே புரிந்துவிட்டது. 31-ம் தேதி ஊசியால் சதை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் எள்ளளவு உலோகத் துண்டு ஒன்றை அடையாளத்துக்கு விட்டுவைத்தார்கள். அது அவ்வளவு வலிக்கவில்லை. திரும்பி வருகிற இரண்டு மணி நேரத்தில் சீட் பெல்ட் உராய்ந்ததுதான் வலித்தது. மடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை எடுத்துப் போங்கள். யாரும் சொல்ல மாட்டார்கள்.

செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. போனில் 'புதிய அறிக்கை வந்துள்ளது' என்று மருத்துவமனையின் நோயாளிப் பக்கம் (போர்ட்டல்) மின்னியது. 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த மத்திய விதிக்குப் பிறகு, டாக்டர் பேசுவதற்கு முன்பே அறிக்கை நோயாளிக்குப் போய்விடுவது உண்டு. நல்ல விதிதான். ஆனால் நீண்ட வார இறுதியில், கேள்வி கேட்க ஆளில்லாமல், அடுப்பங்கரையில் நின்றுகொண்டு படிக்கும்போது நல்லதாகத் தோன்றவில்லை.

மற்றவர்கள் அந்த அறிக்கையில் முதலில் எதைத் தேடுவார்களோ தெரியாது. என் மூளை குறியீடு போட ஆரம்பித்துவிட்டது. சி50.4, மார்பகத்தின் மேல் வெளிப்பகுதி. இடது. 8500, பால்குழாய்ச் செல்லில் தொடங்கிய வகை. அதற்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஒரு எண் வரும். 2 என்றால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறது, 3 என்றால் வெளியே ஊடுருவிவிட்டது. என்னுடையது 3. தினமும் இருபது தடவை தட்டுகிற எண். அன்றைக்கு அதைப் பார்த்து, நீ 2-ஆக இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன்.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து அன்றைக்குச் சரியாக 80 நாள். டாக்டர் மனைவி, கார் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது, எங்கே போன் போட்டால் வேலை நடக்கும் என்றும் தெரியும். அப்படியும் 80.

விருதுநகரில் அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரையே சொல்ல மாட்டார்கள், 'அந்த வியாதி' என்பார்கள். இது நம்மூர்ப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளத்தில் வீடிழந்து எங்களோடு மூன்று வாரம் இருந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னபோது, அவரும் குரலைத் தாழ்த்தி, வாயசைப்பில் மட்டும் அந்தச் சொல்லைச் சொன்னார். அவருடைய அக்காவும் சித்தியும் அதில்தான் போனார்களாம். பஸ்ஸில் ஏறினீர்களா என்று கேட்டேன். "இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் என்ன ஆகப்போகுது?" என்றார். அவர் பார்த்த சாவெல்லாம் முற்றிப்போனவை. அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 6-ல் லெக்சிங்டனில் அறுவை சிகிச்சை. கட்டியை மட்டும் எடுத்தார்கள், 1.6 சென்டிமீட்டர். அக்குளில் மூன்று நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்த்ததில் ஒன்றில் 4 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தது. கீமோ வேண்டுமா என்று பார்க்கக் கட்டியில் 21 மரபணுக்களைச் சோதித்தார்கள். என்னுடையதைப் போல ஹார்மோனால் வளரும் கட்டியாக இருந்தால், மாதவிலக்கு நின்றவர்களுக்கு மூன்று கணு வரை பரவியிருந்தாலும், மதிப்பெண் 25-ஐத் தாண்டாவிட்டால் கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்று அதற்கு முந்தைய வருடக் கடைசியில்தான் ஓர் ஆய்வு வந்திருந்தது. எனக்கு 14. ஆக, ரேடியேஷனும் ஹார்மோன் மாத்திரையும் போதும்.

"முதல் நிலைதான், கவலைப்படாதீர்கள்" என்றார் டாக்டர். கட்டியின் குணத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையில் அது உண்மை. ஆனால் கவுண்டிக் கணக்குக்கு நாங்கள் பயன்படுத்துவது எளிமையான வேறொரு முறை. அதே இடத்திலேயே இருக்கிறதா, அக்கம்பக்கம் அல்லது கணுவுக்குப் போயிருக்கிறதா, தூரத்து உறுப்புக்குப் போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கணுவில் இருந்தாலும் இரண்டாவது கூடை. பல அட்டவணைகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகக் கொட்டி 'தாமதமாகக் கண்டறியப்பட்டவை' என்று தலைப்பு போட்டுவிடுவார்கள். டாக்டருக்கு நான் முதல் நிலை, அட்டவணைக்குத் தாமதம். அந்தத் தலைப்பின் கீழ் வருகிறவர்களைப் பற்றி எனக்கும் மனசுக்குள் ஒரு படம் இருந்தது. அசட்டையாக இருந்தவர்கள், பயந்து மறைத்தவர்கள் என்று. படத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

80 நாளில்தான் கணுவுக்குப் போனதா என்று கணவரிடம் கேட்டேன். "80 நாளில்லைம்மா, மூணு வருஷம்" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும்தானே கேட்காம இருந்தேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

ரேடியேஷன் நவம்பர் நடுவில் தொடங்கியது. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 25 தடவை. இதற்கு லெக்சிங்டன் வரை போகவேண்டியதில்லை, ஒன்றேகால் மணி தூரத்தில் ஒரு மையம் இருந்தது. போக ஒன்றேகால், மெஷினுக்குக் கீழே பத்து நிமிடம், வர ஒன்றேகால். வீட்டிலிருந்து செய்கிற வேலை என்பதால் என்னால் ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்ட முடிந்தது. மணிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அது 25 அரைநாள் சம்பளம், மேலே பெட்ரோல்.

அங்கே காத்திருக்கும் அறையில் ஓர் அம்மாவைத் தினமும் பார்ப்பேன். சுரங்கத்தில் வேலை பார்த்த கணவருக்கு நுரையீரல் நோய், அவரைக் கூட்டி வருவார். நான்காம் நாள் என்னிடம் தன் சட்டையின் இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார், தட்டையாக இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் என்றார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கலாம், இல்லை முழுசாக எடுத்துவிடலாம், இரண்டும் ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னாராம். "அவருக்கு ஷிஃப்ட், எனக்குப் பேரப்பிள்ளைங்க. தினமும் யாரு வண்டி ஓட்டுறது? எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்." ரொட்டி வாங்கிய கதை போலச் சொன்னார். பதிவேட்டில் இப்படி நூற்றுக்கணக்கானவர்களுக்கு 'மார்பகம் முழுதும் அகற்றப்பட்டது' என்று எண் போட்டிருக்கிறேன். வண்டி ஓட்ட ஆளில்லை என்பதற்கு எங்களிடம் எண் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிந்தது. தோல் கருகி உரிந்தது ஜனவரியில் ஆறிவிட்டது. மாத்திரையால் காலையில் விரல் மூட்டு மடங்க மறுக்கிறது, இட்லி மாவு கரைப்பது இப்போது கணவர் வேலை.

என்னுடைய பதிவை நானே போடக்கூடாது என்பதால் சக ஊழியர் ஒருத்தி போட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் எல்லாம் தாளில் இருக்கும். கண்டுபிடித்த தேதிக்கான கட்டத்தில் பயாப்ஸித் தேதிதான் விழும். ஜூன் 14-க்குக் கட்டமே கிடையாது. கவுண்டி முடிவுகள் வெளிவர இரண்டு மூன்று வருடம் ஆகும். வந்ததும் எங்கள் வரிசையைத் தேடிப் பார்த்தேன். 16 பேருக்குக் குறைவாக இருந்தால், ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றும், சின்ன எண்ணை நம்ப முடியாது என்றும், எண்ணுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். எங்கள் கவுண்டியில், மார்பகம், 2022, தாமதம் என்ற கட்டத்தில் நட்சத்திரம்தான் இருந்தது.