உயிலில் பெயர் இல்லாதவர்

"பொண்ணுக்குத்தான் அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உயில் எழுத வருகிற பெரியவர்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். மகன் பெயர், சர்வே எண், நான்கெல்லை எழுதியதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். மகள் என்று ஒருத்தி இருப்பதே அந்த உயிலில் தெரியாது. பின்னாளில் வழக்கு முளைப்பது அங்கேதான்.

ஓர் இந்து தன் சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முஸ்லிம் என்றால், மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது. ஆனால் பெற்ற பிள்ளையைக் காரணமில்லாமல் விட்ட உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சொத்துப் பெறும் மகனே ஆள் கூட்டி வந்து எழுதவைத்தான் என்றால் சந்தேகம் இரட்டிப்பாகும். அதைப் போக்கும் பொறுப்பு உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்பவருடையது என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் விடப்படுபவரின் பெயரையும் எழுத வேண்டும், காரணத்தையும் எழுத வேண்டும். எந்த ஆண்டு திருமணம், எத்தனை பவுன், வேறு என்ன கொடுத்தது என்று உள்ளபடி வர வேண்டும். சொல்லும்போது சுலபமாக வந்த காரணம் எழுத்தில் ஏறும்போது பலருக்குத் தயக்கமாகிறது. அன்று போட்ட 10 பவுனையும் இன்று ஓசூர் சாலையோரத்து ஒரு ஏக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதே! அந்தத் தயக்கம் நல்லது. அவசரப்படுத்தாமல் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வதே முறை.

அதற்கும் முன்னால், சொத்து முழுக்க அவருடையதுதானா என்று பார்க்க வேண்டும். பட்டாவில் பெயர் இருப்பது மட்டும் போதாது. தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வேண்டும். தாத்தா காலத்திலிருந்து பாகம் பிரியாமல் வந்த கூட்டுக் குடும்ப நிலம் 3 ஏக்கர், ஒரு மகன், ஒரு மகள் என்றால் அப்பாவின் பாகம் 1 ஏக்கர்தான். அதைத்தான் அவர் உயிலில் எழுத முடியும். மகளின் 1 ஏக்கர் உயிலால் போகாது. '1989க்கு முன்பு கல்யாணமானவளுக்குப் பங்கில்லை' என்று இன்னும் கிராமங்களில் சொல்கிறார்கள். மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்ற இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தமும், அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றத்தின் 2020 வினீதா சர்மா தீர்ப்பும் வந்தபின் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கணக்கு வேறு.

சாட்சி இரண்டு பேர். எழுதுபவர் கையெழுத்தோ கைரேகையோ வைத்ததைப் பார்த்து, அவர் கண்முன்னே அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர் மனைவியோ வேண்டாம். எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். நாளை கோர்ட்டில் ஏறிச் சொல்ல ஒருவராவது உயிரோடு வேண்டுமே. தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ மட்டும் தெரிந்தவர் என்றால், அந்த மொழியில் விளக்கிச் சொன்னதை உயிலிலேயே குறிக்க வேண்டும். பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. இருந்தாலும் பதிவு செய்துவிடுவது நல்லது.

கிணற்றுப் பங்கு, மோட்டார், மின் இணைப்பு, வண்டிப்பாதை இவற்றை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் பிரித்தால், தண்ணீர் இல்லாத பாகம் கிடைத்தவர் விடப்பட்டவரைப் போலத்தான்.

எல்லாரையும்விட அதிகம் மறக்கப்படுவது மனைவி. "பையன் பார்த்துக்குவான்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். உயிலில் எதுவும் கிடைக்காத இந்து விதவைக்குச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்த வயதில் பெற்ற மகன் மேலேயே வழக்குப் போட எந்த அம்மா வருவார்? எந்த அறை, எந்தச் சமையற்கட்டு அவர் காலம் வரைக்கும் அவருடையது, மாந்தோப்புக் குத்தகைப் பணத்தில் எத்தனை பாகம் அவர் கையில் சேர வேண்டும் என்று தனிப் பத்தியாக எழுதுங்கள்.