சாவி கொடுக்கிற வாட்ச்

எண்பதுகளின் கடைசியில் என் வாட்ச் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் சலித்துக்கொண்டது ஒரே விஷயத்துக்குத்தான்: தினமும் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறது. அரசு நிறுவனமான ஹெச்.எம்.டி.யின் ஜனதா வாட்ச் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் அதைக் கழற்றி பீரோவுக்குள் போட்டுவிட்டு, ஓசூரில் தயாரான டைட்டன் குவார்ட்ஸைக் கட்டிக்கொண்டார்கள். பேட்டரி போட்டால் ஓரிரு வருடம் கவலையில்லை, பார்க்கவும் எடுப்பாக இருந்தது. குறை சொல்ல முடியுமா?

இப்போது அதே ஜனதாவைத் தேடி வருகிறவர்களில் பலருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மணி பார்க்கச் செல்பேசி இருக்கிறது. காலையில் சாவி கொடுப்பதுதான் பிடித்திருக்கிறதாம்! எந்தத் தொல்லை வேண்டாமென்று தள்ளினார்களோ, அதற்கே இன்று விலை.

ஜப்பானின் சிட்டிசன் வாட்ச் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கியது ஹெச்.எம்.டி.யின் வாட்ச் தொழில். 2016-ல் ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. கம்பெனியையே மூடுகிறார்கள் என்று ஆன பிறகு ஆசை வருவது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன?

பின்மூடியைத் திறந்து காட்டினால் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். தேய்மானத்தைக் குறைக்கும் 17 கல், மயிரிழைச் சுருள், இப்படியும் அப்படியும் ஆடுகிற சக்கரம். குவார்ட்ஸில் நொடிமுள் நொடிக்கு ஒருமுறை குதிக்கும். இதில் ஐந்து சிற்றடி வைத்து நகர்வதால், கண்ணுக்கு வழுக்கிப் போவதுபோல் தெரியும்.

எரிச்சல் தருவது இணையத்தில் வாங்கிவருகிற சரக்கு. பழைய டயலைச் சுரண்டி, கிளிப்பச்சையும் ஆரஞ்சும் பூசி, ‘புத்தம் புதியது’ என்று விற்கிறார்கள். லென்ஸ் வைத்தால் எழுத்தின் ஓரமெல்லாம் மை கசிந்திருக்கும். உள்ளே மூன்று நான்கு வாட்ச்களின் பாகங்கள். வாங்கியவர் முகம் சுருங்கும். என்ன செய்வது, எண்ணெயிட்டு ஓடவைத்துக் கொடுக்கிறேன். ‘தினம் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், இறுகியதும் விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

கேசியோவின் பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச்சையும் இப்போது கல்லூரிப் பெண்கள் ஆசையாகக் கட்டுகிறார்கள். 1989-ல் வந்த எஃப்-91டபிள்யூதான், அதே சதுர முகம். அதில் எனக்கு வரும்படி கிடையாது. பேட்டரியும் பட்டையும் மாற்றினால் முடிந்தது.