புது ட்ரெயினர்: மெய்டனுக்கு முன் பார்த்த சோதனைகள்

பால்சா மரத்தில் கட்டிக்கொண்டிருந்த உயர் இறக்கை ட்ரெயினர், அதாவது ரேடியோ ரிமோட்டில் பறக்கவிடும் பயிற்சி மாடல் விமானம், ஒருவழியாக முடிந்தது. இறக்கை நீளம் 1.4 மீட்டர், 2200 எம்ஏஹெச் மூன்று செல் லைப்போ பேட்டரி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் இஎஸ்சி. ஃபிலிம் ஒட்டி முடித்ததுமே கை பரபரக்கத்தான் செய்யும். ஆனாலும் மெய்டனுக்கு (முதல் பறப்புக்கு) முந்தின மாலையைச் சோதனைக்கே ஒதுக்கிவிடுவேன். திருப்புளி வேலையெல்லாம் வீட்டு மேசையோடு முடிந்துவிட வேண்டும். மைதானத்தில் அதைத் தேடும்படி ஆனால், அன்று பறக்கவிடாமல் திரும்புவதே மேல்.

முதல் வேலை, மோட்டாரில் சுற்றும் ப்ராப்பைக் (ப்ரொப்பெல்லரைக்) கழற்றி ஓரமாக வைத்தது. பேட்டரியை இணைத்து எதைப் பார்ப்பதானாலும் ப்ராப் இல்லாமல்தான். பத்து அங்குல ப்ராப்புக்கு விரலும் காற்றும் ஒன்றுதான். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியது. மூன்று ஒயர்களில் இரண்டை மாற்றிச் செருகியதும் சரியானது.

அடுத்து ஹின்ஜ்கள், அதாவது இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளைப் பிடித்திருக்கும் கீல்கள். ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்தேன். இடது அய்லரானின் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பலகையின்) கடைசி ஹின்ஜ் மட்டும் நூலளவு அசைந்தது. தண்ணீர் போன்ற மெல்லிய, உடனே ஒட்டும் சிஏ பசையை ஊசி முனையால் ஒரு சொட்டு விட்டேன். ஹின்ஜ் துணி அதை உறிஞ்சி நிறம் மாறுவது கண்ணுக்கே தெரிந்தது. மறுபடி இழுத்தபோது அசையவில்லை.

அய்லரான் திசையை விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலது பக்கம் சாய்த்தால் வலது அய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். ‘ஏதோ அசைகிறது, சரி’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். திசை மாறியிருந்தால், கிளம்பியதும் விமானம் ஒரு பக்கம் சாயும். நிமிர்த்தப் பார்த்தால் இன்னும் சாயும். யோசிப்பதற்குள் தரையில் கிடக்கும். எனக்கு வாலிலுள்ள எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), ரட்டர் (இடம் வலம் திருப்புவது) இரண்டும் சரி. அய்லரான் தலைகீழாக இருந்தது. டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சேனலை ரிவர்ஸ் செய்துவிட்டு மறுபடி பின்னால் நின்று பார்த்தேன்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியம் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்ற முன்னமைப்பு. சிக்னல் அறுந்தால் சில ரிசீவர்கள் கடைசியாகக் கிடைத்த நிலையையே பிடித்துக்கொண்டிருக்கும். அதாவது முழு த்ராட்டிலில் போய்க்கொண்டிருந்தால், முழு த்ராட்டிலிலேயே யார் வீட்டுக் கூரைக்கோ போகும். த்ராட்டில் பூஜ்யத்துக்கு வரும்படி அமைத்தேன். அமைத்தால் போதாது: மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நொடி ஓடிவிட்டு நின்றது.

சிஜி (விமானத்தின் எடை சமநிலையாகும் புள்ளி) பார்க்கும்போது மட்டும் ப்ராப்பும் பேட்டரியும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், ஆனால் பேட்டரி ஒயரைச் செருகக் கூடாது. இறக்கை அகலம் 20 செ.மீ., ஆகவே அந்தப் புள்ளி முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள், அதாவது அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்தில், இருக்க வேண்டும். அந்த இடத்தில் விரல் கொடுத்துத் தூக்கினால் வால் தொங்கியது. மூக்கு கொஞ்சம் கனத்தால் சமாளித்துவிடலாம், வால் கனத்தால் விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது. பேட்டரியை ஃபயர்வால் (மோட்டார் பொருத்திய முன் தடுப்பு) வரைக்கும் முன்னால் தள்ளி, நகராமலிருக்க வெல்க்ரோவோடு பட்டையும் போட்டேன். உள்ளே குறுக்கே கோடு போட்டு வைத்தேன், அடுத்த முறை அளக்க வேண்டாம்.

கோவையில் இடம் கிடைப்பது பெரும்பாடு. ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். ட்ரோன்கள் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தரிசுக்குப் போனோம். அங்கே உயர வரம்பு 400 அடி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெயில் ஏறியதும் தொடங்கிவிடும் என்பதால் விடிந்ததுமே போய்விட்டோம்.

அங்கே ரேஞ்ச் சோதனை, சிக்னல் தூரத்துக்கு எட்டுகிறதா என்று. ரேடியோவைக் குறைந்த பவரில் வைத்து நான் 30 தப்படி நடந்தேன். நண்பர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு அய்லரான் துடிக்கிறதா என்று பார்த்தார். மோட்டார் ஓடும்போதும் ஒரு முறை. துடிப்பில்லை.

அப்புறம் கிளப்பினோம். இடது பக்கம் லேசாக இழுத்தது, டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் ட்ரிம்மில் அடங்கியது. எலிவேட்டர் மட்டும் எனக்கு ரொம்பத் துள்ளலாக இருக்கிறது. அதன் அசைவு குறைய, அதைத் தள்ளி இழுக்கும் கம்பியை (புஷ்ராடை) எலிவேட்டரிலுள்ள ஹார்ன் என்ற கொம்பில் ஒரு துளை வெளியே மாற்றப்போகிறேன். மாற்றியதும் மறுபடி மேசைதான், ப்ராப்பைக் கழற்றிவிட்டு.