வேளச்சேரியில் கார் வைத்திருப்பவனின் இன்சூரன்ஸ் கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நெருங்கியபோது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் என் காரும் நின்றது. கீழ்வீட்டு அண்ணன் தன் காரை வாசலிலேயே விட்டுவிட்டார். சீட் வரை தண்ணீர் ஏறிவிட்டது. அடுத்த மாதமே என் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வந்த கொட்டேஷன்களை எல்லாம் அவர் கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

என்னுடையது 1197 சிசி பெட்ரோல் வண்டி, நான்கு வயது முடிந்திருந்தது. 1000 முதல் 1500 சிசி வரையிலான கார்களுக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய் என்று 2022-இல் அரசே நிர்ணயித்துவிட்டது. எந்தக் கம்பெனியில் கேட்டாலும் அதே தொகைதான். அதனால் அந்த வரியைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. சட்டத்துக்கு அது மட்டும் போதும். ஆனால் நாம் யார் மீதாவது இடித்தால் அவர்களுக்குக் கிடைக்கும் இழப்பீடு அது. நம் காரின் நசுங்கலுக்கு அதிலிருந்து பைசா வராது, நம் காருக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அதை நம்ப முடியாது.

விலை ஏறி இறங்குவது எல்லாம் நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான். வந்ததிலேயே மலிவான கொட்டேஷனைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் காரணம் தெரிந்தது: ஐடிவி 2,90,000 என்று போட்டிருந்தார்கள். ஐடிவி என்பது வண்டி திருடு போனாலோ, சரிசெய்ய முடியாத அளவு சேதமானாலோ கைக்கு வரும் உச்சத் தொகை. அதே மாடலின் இன்றைய விலையில் வயதுக்கேற்பக் கழிப்பார்கள்; நான்கு வயது தாண்டினால் பாதி. ஏழு லட்ச ரூபாய் வண்டி என்றால் மூன்றரை லட்சம். "ஐடிவிய கொஞ்சம் இறக்கிக்கலாம் சார், ஆயிரம் ரூபா குறையும்" என்றார் ஏஜென்ட். ஆயிரம் ரூபாய்க்காக அறுபதாயிரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்! பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு. வெள்ளத்தில் முழுகிய வண்டிகளில் நிறைய இந்தக் கணக்கில்தான் போய் நிற்கும். எங்கள் தெருவில் இருந்துகொண்டு ஐடிவியில் கை வைக்க எனக்கு மனமில்லை.

அப்புறம் தேய்மானம். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். எட்டாயிரம் ரூபாய் பம்பர் உடைந்தால் நாலாயிரம் தேய்மானத்தில் போகும், ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு இன்னொரு ஆயிரம். கம்பெனி தருவது மூவாயிரம். அதை வாங்கினால் க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான என்சிபி அடுத்த வருடம் பூஜ்யத்துக்குப் போய்விடும். க்ளெய்ம் இல்லாமல் நான்கு வருடம் ஓட்டியதால் எனக்கு 45 சதவீதத் தள்ளுபடி இருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் அது நாலாயிரத்துச் சொச்சம். மூவாயிரத்தை வாங்கி நாலாயிரத்தை இழப்பதற்கு இன்சூரன்ஸ் எதற்கு? பம்பர் டு பம்பர் என்று எல்லோரும் சொல்லும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் இருந்தால் அதே பம்பருக்கு ஏழாயிரம் வரும். அதைச் சேர்த்தேன். கீறல், சின்ன நசுங்கலுக்கெல்லாம் கைக்காசுதான் என்றும் முடிவு செய்துகொண்டேன்.

எஞ்சின் விஷயத்தில்தான் அதிக நேரம் போனது. கீழ்வீட்டு அண்ணனிடம் இருந்தது முழு பாலிசி. வெள்ளம் அதில் அடக்கம்தான். சீட், தரைவிரிப்பு, வயரிங் எல்லாவற்றையும் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் ஏற்றுக்கொண்டார். எஞ்சினுக்கு மட்டும் கையை விரித்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்த மறுநாள் அண்ணன் சாவியைத் திருகிப் பார்த்திருக்கிறார். அவரோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது மெக்கானிக் ஒரு கனெக்டிங் ராடை என் கையில் கொடுத்தார். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, நல்ல கனம், நடுவில் லேசாக வளைந்திருந்தது. "காத்த அமுக்கலாம் சார், தண்ணிய அமுக்க முடியுமா? பிஸ்டன் மேல போய் முட்டும், இது வளஞ்சிடும். ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணி கொண்டு வந்திருந்தா கழுவி ஆயில் மாத்திக் குடுத்திருப்பேன்" என்றார். வெள்ளம் செய்த சேதம் வேறு, அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்பது கம்பெனிகளின் வாதம். அந்த இரண்டாவது சேதத்துக்கு எஞ்சின் ப்ரொடெக்ட் என்று தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர், வாங்க வேண்டும். அதிலும் நிபந்தனைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகின்றன. ஒவ்வொன்றின் பாலிசி வாசகத்தையும் இறக்கிப் படித்தேன், ஏஜென்ட்டின் வாய்வார்த்தையை நம்பவில்லை.

மற்றவற்றை வேகமாக முடித்துவிட்டேன். டயர் கவர், சாவி கவர் வேண்டாம். டோ வண்டி கிடைக்கும் என்பதற்காக ரோடு சைடு அசிஸ்டன்ஸ் வேண்டும். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு என் ஸ்கூட்டர் பாலிசியிலேயே இருந்ததால், அதைத் தெரிவித்து இதில் எடுத்துவிடச் சொன்னேன். எல்லாம் சேர்த்து, மலிவான கொட்டேஷனைவிடச் சில ஆயிரம் கூடத்தான் ஆனது. பழைய பாலிசி முடிவதற்கு முன்பே கட்டிவிட்டேன். நாள் தவறினால் வண்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்பார்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்த என்சிபியும் போய்விடும்.

பாலிசி பிடிஎஃப் வந்ததும் எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியோடு ஒப்பிட்டேன், என்சிபி சதவீதத்தையும் சரிபார்த்தேன். கடன் அடைந்து, ஆர்சியில் நீக்கிய வங்கியின் பெயர் பாலிசியில் மட்டும் ஹைப்பாதிகேஷன் (கடன் அடமானம்) என்ற இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. டோட்டல் லாஸ் ஆனால் பணம் முதலில் அந்தப் பெயரைத் தேடித்தான் போகும். கடன் பாக்கியில்லை என்ற வங்கியின் என்ஓசியையும் புதிய ஆர்சியின் நகலையும் மின்னஞ்சலில் அனுப்பினேன், பாலிசியைத் திருத்திய எண்டார்ஸ்மென்ட் வந்து சேர்ந்தது.