ஏணி யாரு வீட்ல இருக்கு? கீழக்கரைல ஒரு வாடகை ஆப் டிசைன் பண்ண அனுபவம்

உம்மா ரூமுக்கு ஸ்க்ரீன் மாட்டணும்னு ட்ரில்லிங் மிஷின் ஒன்னு வாங்குனோம், 2300 ரூபா, ரெண்டு ஓட்டை போட்டதோட அலமாரி மேல ஏறிடுச்சு. அப்புறம் பாத்தா எதுத்த வீட்லயும் ஒன்னு, பக்கத்து வீட்டு மாமிட்டயும் ஒன்னு, எல்லாமே பெட்டி பிரிச்ச மாதிரியே தூங்குது. எங்க ஊர்ல இது ரொம்ப ஜாஸ்தி, ஆம்பளைங்க துபாய் சென்னைன்னு இருப்பாங்க, லீவுல வரும்போதெல்லாம் எதையாவது வாங்கி வச்சிட்டு போயிடுவாங்க, பூட்டி கிடக்குற வீட்டுக்குள்ள பிரஷர் வாஷரே இருக்கும்.

சரி, இருக்கறத நமக்குள்ள வாடகைக்கு சுத்த விட்டா என்னன்னு ஆரம்பிச்சேன். ஆப் டிசைன்தான் என் பொழப்பு, வீட்ல இருந்தே பாக்குறேன், அதனால கொஞ்சம் திமிரும் இருந்துச்சு. ஒரு வாரத்துல ஒம்போது ஸ்க்ரீன் வரைஞ்சு ஃபோன்ல போட்டு மாமிட்ட குடுத்து "ஒரு ஏணி தேடுங்க மாமி"ன்னேன்.

மாமி முதல் ஸ்க்ரீனையே தாண்டல. பேரு, நம்பர், ஓடிபின்னு கேட்டதும் "என் நம்பர் யாரு யாருக்குலாம் போகும்?"னாங்க. நான் அத யோசிக்கவே இல்ல. வீட்ல பொம்பளைங்க மட்டும் இருக்காங்க, முன்னப்பின்ன தெரியாதவன் ஃபோன் பண்ணி ஏணி இருக்கான்னு கேட்டா எப்படி இருக்கும்? அன்னைக்கே எல்லாத்தையும் மாத்துனேன். பொருள் எல்லாத்தையும் லாகின் இல்லாமலே பாக்கலாம், கேக்கும்போது மட்டும்தான் நம்பர் வாங்குவோம், அந்த நம்பரும் எதிராளிக்கு தெரியாது, பேச்சு எல்லாம் ஆப்புக்குள்ளயே. வீட்டு அட்ரஸும் காட்டாது, தெரு பேரு மட்டும்தான், பொருள கை மாத்துறது வீட்லயா இல்ல தெருமுனை கடையிலயான்னு குடுக்குறவங்களே முடிவு பண்ணிக்கலாம்.

அடுத்த அடி, தேடுற இடத்துல. நான் அழகா வகை பிரிச்சு வச்சிருந்தேன், கட்டட சாமான், சமையல் சாமான், விசேஷ சாமான்னு. ஏணி எதுல இருக்கும்னு மூணு பேர்ட்ட கேட்டேன், மூணு பேரும் மூணு இடத்துல தேடுனாங்க. தூக்கி போட்டுட்டு படமா அடுக்கிட்டேன், மேல ஒரு மைக் பட்டன், ஏன்னா மாமி டைப்பே பண்ண மாட்டாங்க, வாட்சப்லயும் வாய்ஸ்தான். ஆனா ஒருத்தர் லேடர்ங்கறாங்க, ஒருத்தர் ஸ்டூல் ஏணிங்கறாங்க, பிரியாணி ஆக்குற தேக்சாவ இன்னொருத்தர் அண்டாங்கறாங்க, அதனால ஒவ்வொரு பொருளுக்கும் ஊர்ல புழங்குற பேரெல்லாம் உக்காந்து எழுதி சேத்தேன். இதுல ஒரு கொடுமை, 'கொடை'ன்னு ரெண்டு பேர் டைப் பண்ணா கண்ணுக்கு ஒன்னாத்தான் தெரியும், ஆனா ஒரு கீபோர்டு 'கொ'வ ஒத்தை குறியோட போடும், இன்னொன்னு கொம்பும் காலும் தனித்தனியா போடும், தேடுனா ஒன்னுக்கொன்னு சிக்காது. ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தி சேமிச்சாத்தான் வேலை செய்யும், இத கண்டுபுடிக்க ரெண்டு ராத்திரி போச்சு.

காலண்டரும் அப்படித்தான். எங்க ஆளுங்க 4:30ன்னு சொல்ல மாட்டாங்க, "அசருக்கு அப்புறம் வந்து எடுத்துக்க"ம்பாங்க (அசர்னா சாயங்கால தொழுகை), ஏர்வாடி பக்கம் மீன்புடிக்கிற அண்ணன் ஒருத்தரு "கரைக்கு வந்தப்புறம் தம்பிய அனுப்புறேன்"ம்பாரு. மணி முள்ள எடுத்துட்டு காலைல, மதியம், சாயங்காலம், ராவுன்னு நாலு பட்டன் போட்டேன், அதுக்கு மேல அவங்களே பேசிக்கட்டும்.

காசு விஷயம்தான் பெரும்பாடு. டெபாசிட்ட ஆப்லயே வாங்கி வச்சிருந்து பொருள் திரும்புனதும் அனுப்பிடலாம்னு கணக்கு போட்டிருந்தேன். விசாரிச்சா, நடுவுல நின்னு அடுத்தவங்க காசை வாங்கி குடுக்கறதுக்கு ரிசர்வ் வங்கி 2020லயே பேமென்ட் அக்ரிகேட்டர் விதி போட்டிருக்கு, லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதே 15 கோடி நெட்வொர்த் வேணுமாம். என்கிட்ட 15 கோடி இருந்தா நான் ஏன் ஏணிய வாடகைக்கு விட்டுட்டு இருக்கேன்? இப்ப டெபாசிட் ரெண்டு பேருக்குள்ள நேரா யுபிஐல, வாங்குனேன் திருப்பிட்டேன்னு ஆப்ல டிக் மட்டும் போட்டுக்கணும்.

வாடகை கேக்கவே பாதி பேருக்கு கூச்சம். "தெரிஞ்ச புள்ளட்ட போயி நாள் வாடகை கேப்பேனா"ன்னு லாத்தாவே (அக்காதான்) சொன்னா. அதனால மூணு விதம் வச்சேன், சும்மா, வாடகை, இல்லாட்டி வாடகைய சதக்காவா, அதாவது தர்மமா குடுத்துடுங்கன்னு. மூணாவதத்தான் நிறைய பேர் அமுக்குனாங்க, சத்தியமா எதிர்பாக்கல. லேட்டானா ஃபைன்னு எழுதியிருந்தேன், அத பாத்துட்டு ஒரு காக்கா (எங்க ஊர்ல அண்ணன இப்படித்தான் சொல்வோம்) "இது வட்டி மாதிரில்லம்மா இருக்கு"ன்னாரு, எடுத்துட்டு 'கூடுதல் நாள் வாடகை'ன்னு மாத்துனதும் ஒருத்தரும் வாய திறக்கல, தொகை என்னவோ அதேதான்.

சண்டைன்னு வந்தது துருவால. கடல் காத்துல இரும்பு எவ்ளோ சீக்கிரம் துருப்புடிக்கும்னு இங்க உள்ளவங்களுக்கு தெரியும். ஒருத்தங்க ட்ரில்ல நாலு நாள் மொட்டமாடி ஷெட்ல போட்டு வச்சு திருப்பி குடுத்தாங்க, பிட்டு எல்லாம் செவசெவன்னு. குடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு அவங்க, இல்லன்னு இவங்க. இப்ப குடுக்கும்போது நாலு ஃபோட்டோ, வாங்கும்போது நாலு ஃபோட்டோ, அப்பவே கேமராவுல எடுக்கணும், கேலரில இருந்து போட முடியாது. எரிச்சலா இருக்குன்னு திட்டுறாங்க, திட்டட்டும்.

ப்ளே ஸ்டோர்ல ஏத்துறது தனி கூத்து, 25 டாலர் கட்டுனா மட்டும் போதாது, புதுசா தனிநபர் அக்கவுன்ட் ஆரம்பிச்சா 12 பேர் 14 நாள் தொடர்ச்சியா டெஸ்ட்ல இருக்கணும். லாத்தாவோட ஃப்ரெண்ட்ஸ புடிச்சு சேத்தேன், பத்தாவது நாள் ஒருத்தி ஃபோன்ல இடம் இல்லன்னு டெஸ்ட்ட விட்டே வெளிய போயிட்டா, நல்லவேளை எக்ஸ்ட்ராவா மூணு பேர் வச்சிருந்தேன்.

இப்ப ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்புடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரைல, ஆளுங்க வீட்ல இருக்காங்க, வெள்ளையடிக்கிறது ஓடு மாத்துறதுன்னு ஏணிக்கும் ட்ரில்லுக்கும் ஒரே கிராக்கி. சகன் தட்டு, அதான் விசேஷத்துல சேந்து உக்காந்து சாப்புடுற பெரிய தட்டு, அது மட்டும் இன்னும் தீராத தலவலி, 20 போனா 19 தான் வருது, தட்டு எல்லாம் ஒரே மாதிரி இருக்கறதால ஃபோட்டோவுல எண்ணவும் முடியல. அடியில பெயின்ட்ல நம்பர் போட்டு பாக்கலாம்னு மாமி சொல்றாங்க. அவங்க தட்டுதான் அது.