அப்புச்சியின் மணிக்கட்டு

மணிக்கட்டு வரை வந்த பிறகுதான் பேனா மை கக்கியது.

சென்னிமலை. அப்புச்சி (அம்மாவின் அப்பா) தறிக்குழியை விட்டு ஏறி டீ குடிக்க உட்கார்ந்த நேரம். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவர் வலது கையை வரைந்துகொண்டிருந்தேன்.

பால்பாயிண்டில் அழிக்கிற பேச்சே கிடையாது. பேனாவைத் தளர்வாகப் பிடித்து, தாளைத் தொட்டும் தொடாமலும் கோடு மேல் கோடாகப் போட்டால்தான் தோலின் நிழல் வரும். அடிக்கடி முனையைத் துணியில் துடைக்க வேண்டும். நான் மறந்துவிட்டேன்.

"விரலை ஆட்டுங்க அப்புச்சி" என்றேன். ஆட்டினார். அசைந்தது முழங்கைக்குக் கீழே!

கையில் 27 எலும்புகள். ஆனால் விரல்களுக்குள் தசையே இல்லை. அவற்றை மடக்குகிற, நீட்டுகிற பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. நீட்டுகிற தசைகளிலிருந்து வரும் தசைநாண்கள்தான் புறங்கையில் கயிறு மாதிரி புடைத்துத் தெரிகின்றன. (இத்தனை நாள் அதை நரம்பு என்றே நினைத்து வரைந்திருக்கிறேன்.)

அவருடைய வலது முன்னங்கை இடதைவிடப் பருமன். தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகிற நாடா ஓட அந்தக் கைதானே நாளெல்லாம் கயிற்றை இழுக்கிறது. அறுபது வருட நெசவு அங்கே மேடாக நிற்கிறது. அதை வரையத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

தாளை வாங்கிப் பார்த்தார். "கை என்னுதாட்டவே இருக்குது கண்ணு. இந்த மச்சம் ஏது?"

மை கக்கின இடம். சொன்னேன்.

பேனாவை வாங்கித் தன் மணிக்கட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.

"இப்பச் சரியாப் போச்சு."