ஒரே பெயர், வேறு வேறு பாட்டு: இசைக் கோப்புகளை ஒன்றுசேர்த்த விதம்

பழைய ஹார்ட் டிஸ்க், போன், பென்டிரைவ் என்று சிதறிக் கிடக்கும் பாட்டுகளை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் முதலில் மோதிக்கொள்வது 'ட்ராக் 01'. பெயர் தெரியாமல் ரிப் செய்த (கணினிக்கு நகலெடுத்த) ஒவ்வொரு சிடியிலும் அது இருக்கும். விண்டோஸ் 'மாற்றவா, தவிர்க்கவா' என்றாவது கேட்கும். லினக்ஸில் கோப்பை நகர்த்தும் எம்வி கட்டளை பல நேரம் கேட்காமலே மேலெழுதிவிடும். 'தவிர்' என்பதும் பத்திரமில்லை: தவிர்த்த கோப்பு பழைய டிஸ்கிலேயே நின்றுவிடும், அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது போய்விடும். அதனால் ஒவ்வொரு மூலத்துக்கும் தனி ஃபோல்டர் போட்டு அப்படியே காப்பி எடுத்தேன். பெயர் வைப்பது கடைசி வேலை; எது எந்தப் பாட்டு என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை.

அளவு ஒன்றாக இருக்கும் கோப்புகளுக்கு மட்டும் ஷா-256 ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்தால் போதும். ஹேஷ் ஒத்துப்போனால் இரண்டும் ஒன்றே, ஒன்றை ஒதுக்கிவிடலாம். ஆனால் டேக்கில் (கோப்புக்குள் பதிந்திருக்கும் பாட்டு விவரத்தில்) ஓர் எழுத்து மாறினாலோ அட்டைப்படம் சேர்த்திருந்தாலோ ஹேஷ் மாறிவிடும், பாட்டு அதேதான் என்றாலும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வகைக் கோப்பில் இதற்கு வழி இருக்கிறது: ஒலித்தரவின் எம்டி5 (இன்னொரு வகை ஹேஷ்) பொதுவாக தலைப்பகுதியிலேயே பதிந்திருக்கும், மெட்டாஃபிளாக் என்ற கருவி அதைக் காட்டும். எம்பி3 என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி மூலம் டேக்கை விட்டுவிட்டு ஒலிக்கு மட்டும் எம்டி5 எடுக்கலாம்.

பிட்ரேட் (ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) வேறானால் ஹேஷ் உதவாது. அங்கே குரோமாபிரிண்ட் என்ற மென்பொருள் எடுக்கும் ஒலிக்கைரேகைதான் (ஒலியை வைத்தே பாட்டை அடையாளம் காட்டும் குறிப்பு) வழி. டேக் திருத்தும் மென்பொருளான மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் அதைத்தான் பயன்படுத்துகிறது. அதன் கைரேகைக் கருவி வழக்கமாக முதல் 120 விநாடியை மட்டுமே பார்க்கும். ஒரே மாதிரி தொடங்கி பின்பாதி வெட்டப்பட்ட பதிப்பும் முழுப்பாட்டும் ஒன்றென்று வரக்கூடும். கால அளவில் மூன்று விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேட்டுப் பார்க்காமல் நீக்கக் கூடாது. பிட்ரேட் 320 என்று போட்டிருப்பதை நம்பி வைத்துக்கொள்வதும் தவறு. 128-இல் இருந்ததை மறுபடி 320 ஆக்கியிருக்கலாம். அப்படிப்பட்ட கோப்பை, ஒலியின் அலைவெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் திறந்தால் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது.

மிஞ்சுவது நிஜமாகவே வெவ்வேறான பாட்டுகள். ஆல்பம் கலைஞர், அதற்குள் ஆண்டும் ஆல்பமும், அதற்குள் டிஸ்க் எண், ட்ராக் எண், பாட்டின் பெயர் என்ற வரிசை பெரும்பாலான மோதலைத் தீர்த்துவிடும். டிஸ்க் எண்ணை விட்டுவிட்டால் இரட்டை ஆல்பத்தின் இரண்டு '03'-களும் அடுத்தடுத்து வந்து உட்காரும். 'பெண் குரல்', 'கரோக்கே', 'ரிமாஸ்டர்' போன்றவை தலைப்பு டேக்கிலேயே இருக்க வேண்டும். கமெண்ட் டேக்கில் எழுதினால் பெயருக்குள் வராது.

உடனே பெயர் மாற்றிவிடாமல் பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டு பத்தியில் ஒரு சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) எடுத்து, புதிய பத்தியில் திரும்ப வருவதைத் தேடுவதுதான் முக்கியமான படி. தேடும் முன் ஆங்கிலப் பெயர்களைச் சிறிய எழுத்தாக்க வேண்டும், விண்டோஸும் மேக்கும் இயல்பாகப் பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் விண்டோஸில் ஏலாது. இரண்டையும் அடிக்கோடாக மாற்றினால் இரண்டு பெயர் ஒன்றாகிவிடும்.

தமிழ்ப் பெயரில் இன்னொரு சிக்கல். 'கொ' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக 'ொ' இருக்கலாம், 'ெ', 'ா' என இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு கோப்பு. எல்லாப் பெயரையும் யூனிகோடின் என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவுக்கு மாற்றினால் இது தீரும். 'கௌ' என்பதை 'ள' எழுத்தைப் போட்டு அடித்திருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது, கையால்தான் திருத்த வேண்டும். நீளத்தையும் கவனியுங்கள்: லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான், தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், ஆக 85 குறி. விண்டோஸில் இடம்பிடித்த பெயர் அங்கே போகும்போது வால் வெட்டுப்பட்டால் முதலில் போவது 'பெண் குரல்' என்ற பகுதிதான், மறுபடி மோதல்.

மேக்கிலிருந்து எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்குக்கு வந்தவற்றில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த இரட்டைக் கோப்புகள் தெரியும். அவை பாட்டே இல்லை, தயங்காமல் நீக்கலாம்.

பட்டியல் சுத்தமான பிறகே பெயர் மாற்றம். எம்3யூ ப்ளேலிஸ்ட்களில் பழைய பாதைகள் இருக்கும். அதே சிஎஸ்வியை வைத்து அவற்றையும் மாற்ற வேண்டும். ஒதுக்கியவற்றைத் தனி ஃபோல்டரில் வைத்து, எல்லா ப்ளேலிஸ்ட்டும் விடுபடாமல் ஓடுவதைப் பார்த்த பிறகு அழிக்கலாம்.